கலிஃபோர்னியாவில் உரிமை, டெக்சாஸில் வரிசை

ஃப்ரீமான்ட் வீட்டை விற்றுவிட்டு டாலஸ் பக்கம் போய்விடலாமா என்று ஒருமுறையாவது கணக்குப் போட்டுப் பார்க்காத தமிழ்க் குடும்பம் கலிஃபோர்னியாவில் குறைவு. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. வீட்டு விலை பாதிகூட வராது. ஃபிரிஸ்கோவிலும் இர்விங்கிலும் கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் பஞ்சமில்லை. இடமாற்றச் செலவையும் கம்பெனியே ஏற்றுக்கொண்டால் யோசிக்க என்ன இருக்கிறது?

வீட்டில் ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளை இருந்தால் யோசிக்க நிறையவே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் அந்தப் பிள்ளைக்கான சேவை சட்டப்படியான உரிமை. தகுதி உறுதியாகிவிட்டால் மாநிலம் கொடுத்தே ஆக வேண்டும். காத்திருப்போர் பட்டியல் என்ற பேச்சே இல்லை. டெக்சாஸ் முகவரிக்கு மாறியதும் அதே பிள்ளை, அதே டாக்டர் சான்றிதழோடு, நீண்ட பட்டியல் ஒன்றின் கடைசியில் போய் நிற்கும். முக்கியமான சில திட்டங்களில் முறை வருவதற்குப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகிவிடும். ஐந்து வயதில் பெயர் கொடுத்த பிள்ளைக்கு மீசை முளைத்த பிறகு கடிதம் வரும்.

இத்தனைக்கும் இரண்டு மாநிலங்களுக்கும் பணம் அனுப்புவது ஒரே வாஷிங்டன், ஒரே மெடிக்கெய்டு சட்டம். இன்னும் சொல்லப்போனால், செலவாகும் ஒவ்வொரு டாலரிலும் டெக்சாஸுக்கு மத்திய அரசு கொடுக்கும் பங்குதான் அதிகம். பிறகு எங்கிருந்து வருகிறது இந்த வித்தியாசம்? பணம் எந்த வாய்க்கால் வழியாக ஓடுகிறது, மடையைத் திறக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால்தான் புரியும்.

யார் கொடுக்கும் பணம்

மெடிக்கெய்டு என்றால் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1965இல் தொடங்கியபோது அப்படித்தான் இருந்தது. ஆனால் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களின் அன்றாட வாழ்க்கையை இன்று தாங்கி நிற்பதும் அதுவே. குளிக்க வைக்க, சாப்பிட உதவ, பஸ்ஸில் கூட்டிப்போக, வேலையிடத்தில் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் தேவை. அந்த ஆளுக்குச் சம்பளம் தேவை. தனியார் இன்சூரன்ஸ் பேச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கும், குழந்தைக்கு ஏபிஏ எனப்படும் நடத்தைப் பயிற்சிச் சிகிச்சைக்குக் கொடுக்கும். முப்பது வயது மகனோடு பகல் முழுக்க இருப்பவருக்குக் கொடுக்காது. பள்ளிக்கூடம் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 21, 22 வயது வரை பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு பள்ளிப் பேருந்து வாசலுக்கு வராது. அங்கிருந்து ஆயுள் முழுவதற்கும் பொறுப்பு மாநிலத்தின் கையில்.

மாநிலம் ஒரு டாலர் செலவு செய்தால் அதில் ஒரு பங்கை வாஷிங்டன் திருப்பிக் கொடுக்கிறது. அந்தப் பங்கு மாநிலத்தின் தனிநபர் வருமானத்தைப் பொறுத்தது. குறைந்தபட்சம் 50 சதவீதம், உச்சவரம்பு 83. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற பணக்கார மாநிலங்களுக்கு 50. மிசிசிப்பிக்கு 77 அளவில். டெக்சாஸுக்கு ஏறத்தாழ 60. நிதிக்குழுப் பங்கீட்டைப் பற்றித் தமிழ்நாட்டில் கேட்டுப் பழகிய ‘நாங்கள் கொடுப்பது அதிகம், எங்களுக்குத் திரும்பி வருவது குறைவு’ என்ற புலம்பல் இங்கும் உண்டு. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு: மெடிக்கெய்டு பங்குக்கு மொத்த வரம்பு கிடையாது. மாநிலம் எவ்வளவு செலவு செய்கிறதோ அந்த அளவுக்கு வாஷிங்டனும் கொடுத்தாக வேண்டும். ஆகவே முதல் டாலரைப் போட மாநிலம் தயாரா என்பதே கேள்வி.

இந்த ஏற்பாட்டை மாநிலங்கள் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு நியூயார்க்கைச் சொல்லலாம். அரசு நடத்திய பெரிய விடுதிகளில் வளர்ச்சிக் குறைபாட்டோடு தங்கியிருந்த ஒவ்வொருவருக்கும் 2011 வாக்கில் நாளொன்றுக்கு 5,000 டாலருக்கு மேல் என்று அந்த மாநிலம் மெடிக்கெய்டுக்குக் கணக்கு எழுதியது. நாள் வாடகைக்கு அந்தத் தொகையை வாங்கும் ஹோட்டல் மன்ஹாட்டனிலேயே தேட வேண்டும். உண்மையான செலவு அதில் ஒரு சிறு பகுதிதான். மீதி மாநிலத்தின் மற்றச் செலவுகளுக்குப் போனது. ஆண்டுக்கணக்கில் இதற்கு ஒப்புதல் கொடுத்துவந்த வாஷிங்டன், பத்திரிகைகள் எழுதி, நாடாளுமன்றக் குழு விசாரித்த பிறகு 2013இல் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் வெட்டியது. அடி விழுந்தது கணக்கு எழுதியவர்கள் மேல் அல்ல, அந்த ஆண்டு மானியம் குறைந்த சேவை நிறுவனங்கள் மேல்.

விடுதிக்குத் திறந்த கதவு

நியூயார்க் கதை விதிவிலக்கு என்று தோன்றலாம். ஆனால் விடுதிகளை நோக்கிப் பணம் ஓடுவது சட்டத்தின் அமைப்பிலேயே இருந்தது. 1971இல்தான் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான விடுதிகளுக்கு மெடிக்கெய்டு பணம் திறந்துவிடப்பட்டது. அதற்கு முன் அந்தச் செலவு பெரும்பாலும் மாநிலங்களின் தலையில். 1967இல் நாடு முழுக்க ஏறத்தாழ 1,95,000 பேர் அப்படிப்பட்ட அரசு விடுதிகளில் இருந்தார்கள். நியூயார்க் ஸ்டாட்டன் தீவில் இருந்த வில்லோபுரூக், 4,000 பேருக்குக் கட்டப்பட்ட இடம்; 1965இல் ராபர்ட் கென்னடி பார்க்கப் போனபோது 6,000 பேருக்கு மேல் அடைந்து கிடந்தார்கள். 1972இல் தொலைக்காட்சி நிருபர் ஜெரால்டோ ரிவேரா கேமராவோடு உள்ளே நுழைந்து, உடுப்பின்றித் தரையில் சுருண்டு கிடந்த பிள்ளைகளைக் காட்டினார். பெற்றோர் வழக்குப் போட்டார்கள், 1975இல் சமரசத் தீர்ப்பு, 1987இல் இழுத்து மூடப்பட்டது.

விடுதிகளைச் சீர்படுத்தினால் மத்திய அரசின் பணம் வரும் என்று 1971இன் மாற்றம் சொன்னது. நல்ல நோக்கம்தான். ஆனால் விளைவு என்ன? பிள்ளை விடுதியில் இருந்தால் பாதிச் செலவை வாஷிங்டன் ஏற்கும். வீட்டில் இருந்தால் அநேகமாக ஒன்றும் ஏற்காது. இதில் எந்த மாநிலச் செயலாளர் வீட்டைத் தேர்ந்தெடுப்பார்?

இந்த முரண்பாட்டை நாடறியச் செய்தது ஐயோவா மாநிலச் சிறுமி கேட்டி பெக்கெட். மூளைக்காய்ச்சலால் சுவாசக் கருவியை நம்பியிருந்த குழந்தை. மருத்துவமனையில் இருக்கும் வரை மெடிக்கெய்டு முழுச் செலவையும் கொடுத்தது. வீட்டுக்குக் கூட்டிப்போனால் செலவு ஆறில் ஒரு பங்குதான் ஆகும். ஆனால் வீட்டுக்கு வந்த மறுகணம் பெற்றோரின் வருமானம் கணக்கில் சேரும், மெடிக்கெய்டு நின்றுவிடும். ஆகவே குழந்தை மருத்துவமனையிலேயே கிடந்தது. 1981 நவம்பரில் பத்திரிகையாளர் கூட்டத்தில் ஜனாதிபதி ரொனால்டு ரீகன் இந்தக் கதையைச் சொன்னார், விதி தளர்த்தப்பட்டது, சிறுமி வீடு திரும்பினாள். அதே ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறியிருந்த பட்ஜெட் சட்டத்தில் இன்னும் பெரிய வாசல் ஒன்று திறந்திருந்தது. 1915 (சி) என்று பிரிவு எண்ணாலேயே குறிப்பிடப்படும் ‘வெயிவர்’ ஏற்பாடு அதுதான்.

வெயிவர் என்றால் விதிவிலக்கு. விடுதிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை வீட்டிலும் ஊரிலும் கிடைக்கும் சேவைக்குக் கொடுக்க வாஷிங்டன் அனுமதிக்கிறது. பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுக்காமல் விடலாம். சராசரிச் செலவு விடுதிச் செலவைத் தாண்டக் கூடாது என்பது ஒரு நிபந்தனை. இன்னொரு நிபந்தனையைப் படிக்கும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியாது: வீட்டில் வாழ உதவி வேண்டும் என்றால், விடுதியில் சேர்க்கும் அளவுக்குக் குறைபாடு இருப்பதாக நிரூபிக்க வேண்டும். பெற்றோர்கள் படிவத்தை நிரப்பும்போது பிள்ளையின் நல்ல நாளை எழுதாதீர்கள், மோசமான நாளை எழுதுங்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது இதனால்தான். பெற்ற மகளால் என்னென்ன முடியாது என்று ஒரு தாய் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பட்டியல் போடுகிறார், அவள் வீட்டிலேயே இருப்பதற்காக.

வெயிவரில் மாநிலங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய சலுகை தலைக்கணக்கு. மெடிக்கெய்டின் வழக்கமான பலன்களில் தகுதியுள்ள அனைவருக்கும் கொடுத்தாக வேண்டும். வெயிவரில் மட்டும் ‘எங்களால் இத்தனை பேருக்குத்தான் முடியும்’ என்று மாநிலம் எண்ணிக்கையை நிறுத்திக்கொள்ளலாம். நர்சிங் ஹோம் செலவு கட்டாயம். வீட்டுச் சேவை விருப்பம். 2024இல் நாடு முழுக்கச் சுமார் 7 லட்சம் பேர் காத்திருப்புப் பட்டியல்களில் இருந்தார்கள் என்றால், அவர்களில் பெரும்பாலோர் அறிவுசார், வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் என்றால், அதன் வேர் இந்த ஓர் அனுமதியில்தான் இருக்கிறது.

நீதிமன்றமும் இதை முழுதாகத் தீர்க்கவில்லை. 1999இல் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த லோயிஸ் கர்ட்டிஸ், எலெய்ன் வில்சன் என்ற இரு பெண்களின் வழக்கில், தேவையில்லாமல் விடுதியில் அடைத்து வைப்பதே பாகுபாடுதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓல்ம்ஸ்டெட் தீர்ப்பு என்று பெயர். நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதியது. கொண்டாட வேண்டிய தீர்ப்பு, சந்தேகமில்லை. ஆனால் அதே தீர்ப்பில், மாநிலத்திடம் உருப்படியான திட்டம் இருந்து, பட்டியலும் நியாயமான வேகத்தில் நகர்ந்தால் போதும் என்ற இடைவெளியும் விடப்பட்டது. நியாயமான வேகம் எது என்று இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் மாநிலத்துக்கு மாநிலம் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

லான்டர்மன் விட்டுச்சென்றது

கலிஃபோர்னியா வேறு வழியில் போனதற்குக் காரணம், அது வெயிவர் பிறப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டது. 1960களில் அங்கும் அரசு விடுதிகளில் 13,000 பேர் வரை இருந்தார்கள். உள்ளே போக ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள். விடுதியைத் தவிர வேறு உதவியே இல்லாததால் விடுதிக்கு வரிசை. பெற்றோர் சங்கங்களின் முயற்சியில் முதலில் 1965இல் ஒரு சோதனைச் சட்டம் வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் ஒன்று, சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒன்று என இரண்டு ‘ரீஜனல் சென்டர்’கள். 1969இல் அதை மாநிலம் முழுமைக்கும் விரித்த சட்டத்தை ஃபிராங்க் லான்டர்மன் என்ற குடியரசுக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்ட ஆளுநர் அதே ரீகன். அரசுச் செலவைக் குறைப்பதையே கொள்கையாக வைத்திருந்த மனிதரின் பெயர் இந்தக் கதையில் இரண்டு நல்ல இடங்களில் வருவது, அரசியலைக் கட்சிக்கொடி நிறம் பார்த்துப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் சங்கடம்தான்.

சட்டத்தின் சாரம் இது. பதினெட்டு வயதுக்கு முன் தொடங்கிய அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், செரிப்ரல் பால்சி, வலிப்பு, அல்லது அறிவுசார் குறைபாட்டை ஒத்த வேறொரு நிலை; அது வாழ்க்கையைக் கணிசமாகப் பாதிக்க வேண்டும்; கலிஃபோர்னியாவில் வசிக்க வேண்டும். போதும். வருமானம் பார்ப்பதில்லை. விசா பார்ப்பதில்லை. 1985இல் மாநில உச்ச நீதிமன்றமும் இது சலுகையல்ல, உரிமை என்று உறுதி செய்தது. இன்று 21 ரீஜனல் சென்டர்கள் இருக்கின்றன, எல்லாமே அரசோடு ஒப்பந்தம் போட்ட லாப நோக்கற்ற அமைப்புகள். சான்டா கிளாரா வட்டாரத்துக்கு சான் ஆண்ட்ரியாஸ் ரீஜனல் சென்டர். ஃப்ரீமான்டுக்கும் சான் ரமோனுக்கும் ரீஜனல் சென்டர் ஆஃப் தி ஈஸ்ட் பே. மொத்தம் 4 லட்சம் பேருக்கு மேல் சேவை பெறுகிறார்கள். ஆண்டு பட்ஜெட் 1,500 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

மத்தியப் பங்கு 50 சதவீதம் என்றால் இந்தச் செலவில் பாதி வாஷிங்டனிலிருந்து வர வேண்டுமே? வருவதில்லை. பாதிக்கும் மேல் மாநிலத்தின் பொது நிதியிலிருந்துதான் போகிறது. உரிமை என்று எல்லோருக்கும் திறந்து வைத்ததன் விலை அது. மெடிக்கெய்டு தகுதி இல்லாதவர், மத்தியச் சட்டம் ஏற்காத குடியேற்ற நிலையில் உள்ளவர், வெயிவர் பட்டியலில் வராத சேவை என எங்கெல்லாம் வாஷிங்டன் கைவிரிக்கிறதோ அங்கெல்லாம் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோ முழுச் செலவையும் ஏற்கிறது. வந்து இறங்கிய சில மாதத்தில் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரியவந்து, ஹெச்1பி விசாவோடு ரீஜனல் சென்டர் படியேறும் நம் ஊர்த் தம்பதியரை யாரும் திருப்பி அனுப்பாததற்குப் பின்னால் இருப்பது இந்த மாநிலப் பணம்.

இதனாலேயே ரீஜனல் சென்டர் கடைசியாகத்தான் பையைத் திறக்கும். அவர்கள் போடும் ஐபிபி எனப்படும் தனிநபர் திட்டக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சர்வீஸ் கோஆர்டினேட்டர் கேட்பார்: பேச்சுப் பயிற்சியா, இன்சூரன்ஸ் மறுத்த கடிதம் இருக்கிறதா? பள்ளி மாவட்டம் கொடுக்கவில்லையா? வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளா, ஐஹெச்எஸ்எஸ்ஸுக்கு விண்ணப்பித்தீர்களா? இந்த ஐஹெச்எஸ்எஸ் மெடிக்கெய்டு வழியாக வருவது; மாதம் அதிகபட்சம் 283 மணி நேரம் வரை, பெற்றோரே பராமரிப்பாளராகப் பதிந்து ஊதியம் பெறலாம். வெயிவரில் சேர்ந்தால் பெற்றோர் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் பிள்ளைக்கு மெடி-கால் (மெடிக்கெய்டுக்குக் கலிஃபோர்னியாவில் வைத்திருக்கும் பெயர்) கிடைக்கும், அதன் வழியாக இதுவும் கிடைக்கும். கூகுளில் வேலை பார்ப்பவருக்கு மெடி-கால் அட்டையா என்று பிறர் புருவம் உயர்த்துவார்கள். அட்டை பிள்ளையுடையது. அது இருந்தால்தான் பாதிச் செலவை வாஷிங்டனிடம் வாங்க முடியும் என்பதால் மாநிலமே அதை வாங்கச் சொல்கிறது.

உரிமை எங்கே ஒழுகுகிறது

பட்டியல் இல்லை என்பதால் கலிஃபோர்னியாவில் தட்டுப்பாடு இல்லை என்று ஆகிவிடாது. ஆளை நிறுத்தி வைக்க முடியாத மாநிலம் விலையை நிறுத்தி வைத்தது. சேவை கொடுக்கும் நிறுவனங்களை அங்கே ‘வெண்டர்’ என்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு, ஒரு நாளுக்கு, ஒரு மாதத்துக்கு இவ்வளவு என்று அவர்களுக்கான கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2003இல் மாநிலம் நிதி நெருக்கடியில் இருந்தபோது பல சேவைகளின் கட்டணத்தை அப்படியே உறைய வைத்தார்கள். 2008இல் புதிதாக வரும் வெண்டருக்கு இடைநிலைக் கட்டணத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றார்கள். 2009இல் பெரும்பாலான கட்டணங்களில் 3 சதவீதம் வெட்டு. 2010இல் அது 4.25 ஆனது. கூடவே சமூக, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள், முகாம்கள், இசை, நடனம் வழியான பயிற்சிகள் எல்லாம் நிறுத்தப்பட்டன. ரெஸ்பைட் எனப்படும் பெற்றோருக்கான ஓய்வு நேரத்துக்கு மூன்று மாதத்துக்கு 90 மணி என்று கடிவாளம் போட்டார்கள். ரெஸ்பைட் வரம்பு 2018இல் நீங்கியது. முகாமும் இசையும் திரும்ப 2021 ஆனது. 2009இல் ஏழு வயதாக இருந்த பிள்ளைக்கு அப்போது பத்தொன்பது வயது.

உறைந்த கட்டணம் என்ன செய்யும் என்பதைச் சாதாரண ரெஸ்பைட் சேவையிலேயே பார்க்கலாம். மாதம் முப்பது மணி நேரம் என்று ஐபிபியில் எழுதி ஒப்புதல் வாங்கியாயிற்று. வெண்டர் ஆள் அனுப்ப வேண்டும். அவருக்குக் கிடைக்கும் மணிக்கட்டணத்திலிருந்து ஊழியரின் சம்பளம், சம்பள வரி, விபத்துக் காப்பீடு, பயிற்சி, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் நேரம் எல்லாம் கழிய வேண்டும். மிஞ்சுவதில் நிர்ணயமாகும் சம்பளத்துக்கு, சான்டா கிளாரா வாடகையில், யார் வருவார்? வந்தவர் மூன்று மாதத்தில் போய்விடுவார். புதியவரோடு பழக ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு இன்னும் மூன்று மாதம். ஆள் இல்லாத மாதத்தில் அந்த முப்பது மணி நேரம் தாளில் மட்டும் இருக்கும். செலவாகாத பணம் குடும்பத்துக்கு வராது; மாநிலத்துக்கு மிச்சம். சட்டத்தைத் திருத்தவில்லை, யாருக்கும் மறுப்புக் கடிதம் அனுப்பவில்லை, ஆனாலும் சேவை கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால் டெக்சாஸ் பட்டியலைவிட இது தந்திரமான சிக்கனம். பட்டியலில் இருப்பவருக்குத் தான் காத்திருப்பதாவது தெரியும்.

நிலைமை உடைந்துகொண்டிருக்கிறது என்று ஒப்புக்கொள்ள மாநிலத்துக்கு நீண்ட காலம் பிடித்தது. 2016இல் ஒரு சிறப்புக் கூட்டத்தொடரில் 28.7 கோடி டாலர் ஒதுக்கினார்கள், பெரும்பகுதி ஊழியர் சம்பளத்துக்கு. பிறகு வெளியார் நிறுவனம் ஒன்றிடம் கட்டண ஆய்வை ஒப்படைத்தார்கள். 2019 மார்ச்சில் அறிக்கை வந்தது. சேவைகளை ஒழுங்காகக் கொடுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 180 கோடி டாலர் கூடுதலாகத் தேவை என்றது அது. 2021 பட்ஜெட்டில் அதைப் படிப்படியாக ஈடுகட்ட முடிவானது. கடைசிப் படி 2024 ஜூலையில் வர வேண்டியது, பற்றாக்குறையைக் காட்டி 2025 ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

அந்தத் தாமதம் விழுந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல் கலிஃபோர்னியாவில் பெரிய துரித உணவுச் சங்கிலிக் கடைகளில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 20 டாலர் என்று சட்டம் வந்துவிட்டது. பர்கர் மடிக்கும் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை, அதுவும் உழைப்புதான். ஆனால் வலிப்பு வந்தால் என்ன செய்வது, தொண்டையில் சாப்பாடு சிக்காமல் எப்படி ஊட்டுவது என்றெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய வேலைக்கு அதைவிடக் குறைவான சம்பளம் என்றால் ஆள் எந்தப் பக்கம் போவார் என்று சொல்லத் தேவையில்லை. பர்கர் கடை விலையை ஏற்றிக்கொள்ளலாம். வெண்டரால் முடியாது, விலை சாக்ரமென்டோவில் இருக்கிறது.

இன்னோர் ஒழுகலும் உண்டு, நம்மவர்களோடு தொடர்புள்ளது. ரீஜனல் சென்டர்கள் யாருக்கு எவ்வளவு செலவாகிறது என்பதை இனவாரியாகவும் மொழிவாரியாகவும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். வெள்ளையருக்கு ஆகும் சராசரிச் செலவைவிட லத்தீன், ஆசியக் குடும்பங்களுக்கு ஆவது குறைவு என்பதை அந்தக் கணக்குகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆங்கிலத்தில் வாதாடத் தெரிந்தவருக்கே கூடுதல் கிடைக்கும் என்பது ஒரு காரணம். பெரியவர்களான பிறகும் பிள்ளைகளைப் பெற்றோரே வீட்டில் வைத்துக்கொள்வது இன்னொன்று. ‘நம்ம பிள்ளையை நாம பார்த்துக்கறோம், கவர்ன்மென்ட் எதுக்கு’ என்ற மனம் நம்மிடம் நிறைய. அந்த மனத்தை மாநில பட்ஜெட் வரவேற்கும். அறுபத்தைந்து வயதுத் தாயின் முதுகு எவ்வளவு நாள் வரவேற்கும் என்பது வேறு. இந்த இடத்தில் தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு வார்த்தை: பாசத்தில் பேரன் பெயரில் ஃபிக்சட் டெபாசிட் போடாதீர்கள். பதினெட்டு வயதானதும் கிடைக்கும் எஸ்எஸ்ஐ உதவித்தொகைக்குத் தனிநபர் சொத்து வரம்பு 2,000 டாலர். 1989க்குப் பிறகு அது ஒரு சென்ட் நகரவில்லை. அந்த வரம்பு இடிக்காமல் பணம் சேர்க்கவென்றே இருக்கும் ஏபிள் கணக்கும் சிறப்புத் தேவை டிரஸ்டும் வேறு வழிகள்.

டெக்சாஸில்

டெக்சாஸ் பட்டியலுக்கு அங்கே ‘இன்டரெஸ்ட் லிஸ்ட்’ என்று பெயர். விருப்பம் தெரிவித்தவர் எல்லோரும் அதில் இருப்பார்கள்; தகுதி பார்ப்பது முறை வந்த பிறகுதான். அதனால் எண்ணிக்கை உப்பித் தெரியும் என்பது நியாயமான வாதம், நாட்டின் மொத்தப் பட்டியலில் பெரும்பங்கு டெக்சாஸுடையதாக இருப்பதற்கு அதுவும் காரணம். ஆனால் பத்தாண்டுக் காத்திருப்பை அது விளக்காது. அங்கே சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் கூடும். அந்த ஐந்து மாதத்தில், ஒவ்வொரு வெயிவரிலும் எத்தனை புது இடம் என்று எழுதுவார்கள். எழுதிய இடங்களுக்குத்தான் பணம். ஒரு டாலரில் 60 சென்ட் வாஷிங்டன் கொடுக்கும் என்று தெரிந்தும், மீதி 40 சென்டைப் போட மனமில்லை. பட்டியலில் நிற்பவர்களுக்குப் பக்கத்திலேயே, மாநிலம் நேரடியாக நடத்தும் 13 பெரிய விடுதிகள் இன்றும் இயங்குகின்றன. மருத்துவரீதியாக மிக நலிந்த குழந்தைகள் நர்சிங் ஹோமில் குறுகிய காலம் சேர்ந்துவிட்டு வெளியே வந்தால் ஒரு வெயிவரில் வரிசையைத் தாண்டலாம் என்ற ஏற்பாடும் உண்டு. வீட்டுக்குப் போகும் வழி விடுதி வாசல் வழியாக. பராமரிப்பு ஊழியருக்கு மாநிலம் வைத்திருந்த அடிப்படை ஊதியம் 2023 வரை மணிக்கு 8.11 டாலர், அந்த ஆண்டு 10.60 ஆக்கினார்கள். ஆக, இடம் கிடைத்தவருக்கும் ஆள் கிடைப்பது அரிது.

அங்கே குடியேறுகிறவர்களுக்கு நடைமுறைச் செய்தி ஒன்றே: போய்ச் சேர்ந்த வாரத்திலேயே பெயரைக் கொடுங்கள். ஒரே பட்டியல் அல்ல, ஒவ்வொரு வெயிவருக்கும் தனித்தனிப் பட்டியல். சிலவற்றுக்கு உள்ளூர் ஐடிடி (அறிவுசார், வளர்ச்சிக் குறைபாடு) அலுவலகத்தில், சிலவற்றுக்கு மாநிலச் சுகாதாரத் துறையில். பெயர் கொடுத்த தேதிதான் எல்லாம். முகவரி, ஃபோன் மாறினால் சொல்லிவிட வேண்டும். பத்தாண்டு கழித்து வரும் கடிதம் பழைய அபார்ட்மென்டுக்குப் போனால் இடம் போய்விடும்.

இனி வரும் வெட்டு

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான மத்தியச் சட்டம், பத்தாண்டுகளில் மெடிக்கெய்டுக்கான மத்தியச் செலவை ஏறத்தாழ 90,000 கோடி டாலர் குறைக்கும் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. வளர்ச்சிக் குறைபாட்டுச் சேவைகளை நாங்கள் தொடவே இல்லை என்கிறார்கள் அதை ஆதரிப்பவர்கள். எழுத்தளவில் சரி. 2027 தொடக்கத்திலிருந்து வரும் வேலை நிபந்தனை, ஒபாமா காலத்தில் மெடிக்கெய்டு விரிந்தபோது உள்ளே வந்தவர்களுக்குத்தான். ஆனால் மாநிலங்கள் தங்கள் பங்கைத் திரட்டப் பயன்படுத்திய ஒரு வழியும் சுருக்கப்படுகிறது. மருத்துவமனை, காப்பீட்டு நிறுவனங்கள் மீது வரி போட்டு, அந்தப் பணத்தைக் காட்டி மத்தியப் பங்கை வாங்குவது வழக்கம். விரிவாக்கத்தை ஏற்ற மாநிலங்களில் அந்த வரியின் உச்சவரம்பு 6 சதவீதத்திலிருந்து 2028 தொடங்கிப் படிப்படியாக 3.5க்கு இறங்கும். கலிஃபோர்னியா விரிவாக்கத்தை ஏற்ற மாநிலம், டெக்சாஸ் ஏற்காத மாநிலம். இந்த முறை பெரிய அடி தாராளமாக இருந்த பக்கத்துக்கு.

ஓட்டை விழுந்த பட்ஜெட்டில் மாநிலம் எதை வெட்டும்? மருத்துவமனைச் செலவும் நர்சிங் ஹோமும் கட்டாயப் பட்டியலில். விருப்பப் பட்டியலில் மிகப் பெரிய செலவு வீட்டுச் சேவைகள். சட்டத்தில் பெயர் இல்லாமலேயே வெட்டு அங்கே வந்து சேரும். டெக்சாஸில் அது 2027இல் கூடும் சட்டமன்றம் எழுதும் இட எண்ணிக்கையில் தெரியும். கலிஃபோர்னியாவில் லான்டர்மன் சட்டத்தைத் தொட எந்த ஆளுநருக்கும் துணிவு வராது என்றே நினைக்கிறேன். பெற்றோர்கள் சாக்ரமென்டோ படிக்கட்டில் சக்கர நாற்காலிகளோடு வந்து நிற்பார்கள். கட்டணத்தைத் தொட அவ்வளவு துணிவு வேண்டாம். இப்போதே வெண்டருக்கான முழுக் கட்டணத்தில் 10 சதவீதம் தரக் குறியீடுகளை எட்டினால்தான் என்று பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குறியீட்டை இறுக்கினாலே போதும்.

ஆகவே பார்க்க வேண்டியது தலைப்புச் செய்தியை அல்ல, தேதிகளை. ஆளுநரின் முதல் பட்ஜெட் ஜனவரி 10க்குள் வரும். வரி வருவாய் தெரிந்த பிறகு திருத்திய வடிவம் மே 14க்குள். சட்டமன்றம் ஜூன் 15க்குள் நிறைவேற்றியாக வேண்டும். 2024இன் தாமதம் இந்த ஆறு மாத இடைவெளியில் முடிவானதுதான். இரு அவைகளின் பட்ஜெட் துணைக்குழுக் கூட்டங்களில் பொதுமக்கள் பேசலாம், ஆளுக்கு ஒரு நிமிடம் போல. அங்கே வரும் பெற்றோர்களில் பெரும்பாலோர் ஒரே வரியைத்தான் கேட்கிறார்கள்: எங்கள் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த மணி நேரத்துக்கு ஆள் வரும்படி கட்டணத்தை வையுங்கள்.